நாற்பத்தேழாம் இலக்க மாமரம்

வளவுக்குள் மெசின் வாள் உறுமிக்கொண்டிருந்தது. மரங்களுக்கு இலக்கமிட்டுக் காக்கும் காபன் திட்டத்தின் கள அலுவலர் தர்சிகா, ஸ்கூட்டியைப் படலையடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அதற்குள் நாற்பத்தேழாம் இலக்க மாமரம் வளவின் குறுக்கே விழுந்து கிடந்தது.

“ஏரம்பு ஐயா! என்ன வேலை செய்யிறியள்?”

கதிரையில் இருந்த ஏரம்பு அவளைப் பார்த்தார். வா என்றோ இரு என்றோ சொல்லவில்லை.

“பத்து மணிக்கு வாகனம் வந்திடும். அதுக்கிடையிலை துண்டு போடோணும்” என்று வாள்காரன் பிரகலாதனிடம் மட்டும் சொன்னார்.

வாகனமும் பேசியாயிற்றா! மரம் வாங்கும் சாவகச்சேரி மரக்காலைக்காரர் இந்த மீசாலைப் பக்கம் திரிவதாக முந்தாநாள்தான் அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

“மரக்காலைக்கு வித்துப்போட்டியளோ? ஐரோப்பாவிலை இப்ப புகைக்கு விலை, ஐயா. அந்த ஜெர்மனிக் கம்பனி தன்ரை சீமெந்துப் புகைக்கு ஈடாய் உங்கடை மரங்களை எண்ணி வைச்சிருக்கு. ஒண்டு குறைஞ்சாலும் முழு ஊரின்ரை ஒப்பந்தமும் போகும். என்ரை வேலையும் போகும்!”

“விக்கேல்லை, பிள்ளை.”

“அப்ப?”

“விறகுக்கு.”

தர்சிகாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“விறகுக்கோ? எரிச்சால் இவ்வளவு காலமும் மரம் பிடிச்சு வைச்ச புகை முழுக்கத் திரும்ப மேலை போகுமெல்லே! ஆராவது நல்ல மாமரத்தை அடுப்பிலை வைப்பினமோ?”

குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். விடிந்து இவ்வளவு நேரமாகியும் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. சாம்பலில் பூனை படுத்திருந்தது.

“உந்த வேம்பு பதிவிலை இல்லை. அதைத் தறிச்சிருக்கலாமே?”

“வளவு மாமரம்தான் வேணும்.”

குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கல்லோடு கதைப்பது போலிருந்தது அவளுக்கு.

“உங்களோடை கதைச்சு வேலையில்லை. ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்சது உங்கடை மனிசி. கனகாம்பிகை அம்மாவைக் கூப்பிடுங்கோ, நான் அவவோடை கதைக்கிறன்!”

வாள் நின்றது. பிரகலாதன் தலை குனிந்துகொண்டான்.

மரத்தூளை வேட்டியிலிருந்து தட்டிவிட்டு ஏரம்பு சொன்னார்:

“ஆஸ்பத்திரியாலை பத்து மணிக்கு அவவைக் கொண்டு வருவினம், பிள்ளை. விறகு அவவுக்குத்தான்.”