மேசைமேல் நடந்த தடங்கள்

வவுனியாவில் ரயில் சாரதியாக இருக்கும் கோகுலன், தான் தினமும் ஓட்டிச்செல்லும் பாதையை வீட்டு மேசையில் சிறு மாதிரியாகச் செய்துகொண்டிருந்தான். ஈரம் பட்டால் இறுகிவிடும் என்று பிளாஸ்டர் துணியைப் பிஸ்கற் தகர ரின்னில் மூடி வைத்திருந்தான். அன்று மாலை அதை வெட்டி, தண்ணீரில் நனைத்து, தண்டவாளத்தின் இருபுறமும் காட்டுநிலமாகப் போர்த்தினான்.

விடிந்து பார்த்தபோது துணி கல்லாய் இறுகியிருந்தது. அதில் பாதைக்குக் குறுக்கே நான்கு வரிசைத் தடங்கள் பதிந்திருந்தன. மூன்று மல்லி அளவு, ஒன்று கடுகளவு.

“எறும்பு ஊர்ந்திருக்கும்,” என்ற மனைவி லக்சிகா, குனிந்து பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். “இஞ்சாருங்கோ, இது யானைக் காலடி.”

தொட்டுப் பார்க்கக் கோகுலனுக்குக் கை வரவில்லை. வேலைக்குப் போனான்.

காலை ரயில், மேசையில் தடங்கள் பதிந்திருந்த அந்த இடத்தை நெருங்கியபோது வேகத்தைக் குறைத்தான். மூன்று யானைகள் பாதையில் ஏறின. ரயிலை நிறுத்தினான். அவை கடந்து காட்டுக்குள் இறங்கின.

“போவமே அண்ணை?” என்றான் உதவிச் சாரதி.

“பொறு. இன்னும் ஒண்டு வரவேணும்.”

பாதை வெறுமையாகக் கிடந்தது. பயணிகள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். நெடுநேரம் கழித்துப் பற்றைச் செடிகள் விலகின. கோகுலன் தன்னையறியாமல் எழுந்து நின்றான். கன்றொன்று வந்து, தண்டவாளத்தைத் தும்பிக்கையால் ஒருமுறை தடவிவிட்டு, தாய் போன வழியே மெல்ல நடந்துபோனது.