இரண்டு மணி மழை

“பதினோரு நாளா இந்த மழை எங்கே பெஞ்சுது?”

கணவன் கேட்டான். கேலி இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

அன்றைக்கு அவனுக்கு லீவு. கையில் ஒரு சின்ன ஸ்பீக்கர். குழந்தையின் தொட்டில் பக்கத்திலிருந்து எடுத்து வந்திருந்தான். அதன் நீல விளக்கு மினுக் மினுக்கென்றது.

“இது கம்ப்யூட்டரோட சேரவே இல்லை. சேர்ந்தா மினுக்காம நின்னு எரியும்.”

“சும்மா எதையாவது சொல்லாதீங்க. நானேதான் ப்ளூடூத் போட்டேன். ‘இணைக்கப்பட்டது’ன்னு வந்துச்சு.” தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள்.

விஷயம் இதுதான். அவள் வீட்டிலேயே தைப்பவள். மதியம் இரண்டு முதல் நான்கு வரை குழந்தை உள்ளறையில் தூங்க வேண்டும். அவள் கூடத்தில் தைக்க வேண்டும். மெஷின் சத்தம் குழந்தையை எழுப்பிவிடக் கூடாதென்று ஸ்பீக்கர் வாங்கினாள். கூடத்துக் கம்ப்யூட்டரில் மழைச் சத்தத்தை ஓடவிடுவாள். அது உள்ளறை ஸ்பீக்கரில் பெய்ய வேண்டும். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால், மெஷின் கடகடப்பில் அவளுக்கு எந்த மழையும் கேட்காது.

குழந்தை தூங்கியது. அதனால் சந்தேகம் வரவில்லை. அன்றைக்கு அவள் மழையை ஓடவிடுவதற்கு முன்பே கணவன் ஸ்பீக்கரைக் கவனித்துவிட்டான்.

கணவன் திரையில் பட்டியலைத் திறந்தான்.

“இங்க பாரு. ஒரே பேர்ல ரெண்டு இருக்கு. ஒரே கம்பெனி, ஒரே மாடல். நீ மேல இருக்கறதை அமுக்கிட்டே. அது நம்மளது இல்லை.”

“பின்ன யாரோடது?”

அவன் கண்ணால் தரையைக் காட்டினான்.

“கீழ்வீடா?” என்றாள்.

கீழ்வீட்டுக்காரருக்குக் கட்டடத்தில் ‘நோட்டீஸ்’ என்று பெயர். நாற்காலியை இழுத்தால் நோட்டீஸ். கதவை அறைந்தால் நோட்டீஸ். இந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் அவரால்தான் காலி செய்தார்கள். அவள் மெஷினுக்கும் ஒரு கடிதம் வந்தாயிற்று. “இன்னொரு புகார் வந்தா வேற வீடு பாத்துக்கங்கம்மா” என்று ஓனர் முடிவாகச் சொல்லியிருந்தார்.

“தினம் ரெண்டு மணி நேரம் அந்த மனுஷன் வீட்டுக்குள்ள மழையை விட்டிருக்கியேடி!”

“வேணும்னா விட்டேன்? முதல்ல அதை எடுங்க.”

எடுத்தான். சொந்த ஸ்பீக்கரைச் சேர்த்தான். விளக்கு நின்று எரிந்தது. தொட்டில் பக்கத்தில் வைத்ததும் மழை மெல்லப் பிடித்துக்கொண்டது.

நல்ல மழை. வெளியே தார் உருகுகிற வெயில். இருவரும் உள்ளறை வாசலில் சும்மா நின்றார்கள். திரைச்சீலை ஒருமுறை உப்பி அடங்கியது. ஈரக்காற்று முகத்தில் பட்டதுபோலிருந்தது அவளுக்கு. பட்டிருக்க முடியாது. இருந்தாலும் பட்டது.

“இத்தனை நாளா அவர் ஒண்ணும் சொல்லலையே?” என்றாள்.

“சேத்து வெச்சு சொல்லுவார்.”

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் நோட்டீஸ். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

“மணி என்ன?”

“ரெண்டு இருபது, சார்.”

“பதினோரு நாளா ரெண்டு மணிக்கு எங்க வீட்டுல மழை பெய்யுது. மழை நிக்கறப்ப மேல உங்க மெஷினும் நிக்குது. நான் முட்டாள் இல்லை.”

“மன்னிச்சிடுங்க சார். தெரியாம உங்க ஸ்பீக்கரோட சேர்த்துட்டா. இப்பத்தான் எடுத்தோம். இனிமே உங்க பக்கம் ஒரு சொட்டு வராது.”

“ஓனர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்” என்றாள் அவள்.

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

இருவரும் விழித்தார்கள்.

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

“என் வீட்டுக்காரி எட்டு மாசமா படுத்த படுக்கை. ஊசி விழுந்தாலும் முழிச்சுக்குவா. பாட்டு கேக்கட்டும்னு மகன் அந்த ஸ்பீக்கரை அனுப்பினான். எனக்கு அதைச் சேர்க்கத் தெரியலை. தலைமாட்டுல சும்மா மினுக்கிட்டிருந்துது. முதல் நாள் அதுல மழை பெஞ்சப்போ பிடுங்கி வீசத்தான் போனேன். அவ என்னைப் பார்த்து, ‘துணி நனையுது, எடுங்க’ன்னா. அவ்வளவு பேசி ரொம்ப நாளாச்சு.”

“எடுத்தீங்களா சார்?”

“பின்ன? மொட்டை மாடிக்குப் போய் மொடமொடன்னு காஞ்சதை அள்ளிட்டு வந்தேன். அவ முன்னாடியே உட்கார்ந்து மடிச்சேன். தூங்கிட்டா. தினமும் இதே கதை. இன்னிக்கு ஜன்னலையே பாத்துட்டிருக்கா. ‘ஏன் இன்னும் வரலை?’ங்கறா. நான் என்னன்னு சொல்ல?”

அவள் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். உள்ளறை மழை நின்றது. குழந்தை புரளக்கூட இல்லை. பட்டியலில் மேலே இருந்த பெயரை அமுக்கினாள்.

“பெய்யுது சார்.”

“ம்” என்றார். நன்றி கின்றி ஒன்றும் இல்லை. திரும்பிவிட்டார்.

கதவைச் சாத்தப் போனவள் படியில் அவர் காலடியைக் கேட்டாள். கீழே இறங்கவில்லை. கொளுத்துகிற வெயிலில், மொட்டை மாடியை நோக்கி, துணியெல்லாம் நனைந்துவிடுமே என்கிற பதைப்போடு ஏறிக்கொண்டிருந்தது.