பனிப்புலியின் தொட்டி

பனிப்புலி தன் மேலங்கியைக் கழற்றி மனைவியின் கையில் வீசிவிட்டு, ஒரு காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைக்கப் போனார். பாதம் நீரைத் தொட ஒரு சாண் இருக்கும்போதே சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சீ! இது தண்ணியா, கழுநீரா?"

சுற்றி நின்ற ஆறு மாணவர்களும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் நிஜமாகவே கலங்கித்தான் இருந்தது. பாத்திரம் கழுவிய நீரைப் போல மேலே லேசாக ஒரு படலம் மிதந்தது.

பனிப்புலி என்பது மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். உறைய வைக்கும் நீரில் தினமும் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் கோழையும் வீரனாவான் என்று பேசிப் பேசியே இணையத்தில் இரண்டு லட்சம் பேரைச் சேர்த்திருந்தார். அவருடைய வீடியோக்களில் எப்போதும் தெரிவது தொட்டியின் விளிம்பும், நீர் சொட்டும் மொட்டைத் தலையும், அந்த முறைப்பும்தான். முழுசாக நேரில் பார்த்துவிட வேண்டும் என்று மாணவர்கள் முதல் தடவையாக வீட்டுக்கே வந்திருந்தார்கள்.

"பரவாயில்ல மாஸ்டர், ஒரே ஒரு நிமிஷம் இறங்கிக் காட்டுங்களேன்" என்றான் ஒருவன்.

"உனக்குச் சாக்கடையில முங்கிப் பழக்கம் இருக்கலாம். எனக்கு இல்ல."

அவன் மற்றவர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பனிப்புலியின் பார்வை பம்ப் அருகே உட்கார்ந்திருந்த பெண்மேல் திரும்பியது. தொட்டியை விற்ற நிறுவனத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து, நீரைச் சோதித்து, மருந்து போட்டு, வடிகட்டியைக் கழுவி வைப்பவள் அவள். அன்று அவள் வரும் முறை. அப்போதுதான் பெட்டியைத் திறந்திருந்தாள்.

"ஏம்மா, மருந்தை அளக்கத் தெரியுமா, இல்ல கைக்கு வந்ததை அள்ளிப் போட்டுட்டுப் போறியா?"

"அளந்துதான் சார் போடறேன். நீங்க சொன்ன கணக்குப்படி. ஒரே ஆள், ரெண்டு நிமிஷம்."

சோதனைப் பட்டையை நீரில் நனைத்து, டப்பாவின் மேலிருந்த வண்ணங்களோடு வைத்துப் பார்த்தாள். நிறம் ஏற வேண்டிய பட்டை வெள்ளையாகவே இருந்தது.

"குளோரின் சுத்தமா தீர்ந்திருக்கு சார். போன தடவை போட்டது மூணு வாரத்துக்கு வரணும்."

"அப்போ மருந்து போலி. இல்லன்னா நீ போலி."

மாணவர்கள் பக்கம் திரும்பி, அந்தப் பதிலை அவர்கள் ரசித்தார்களா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மறுபடி அவளிடம் வந்தார்.

"நான் சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் இறங்கறேன். உன் கம்பெனி பேரைச் சொல்லி ஒரு வீடியோ போட்டேன்னு வை, நாளையிலேருந்து நீ வீட்டுல உட்கார்ந்து ஈ ஓட்டணும்."

வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதமாகியிருந்த அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது.

"அந்தப் பொண்ணை எதுக்குங்க இப்படிப் பேசறீங்க?" ஈரக் கொண்டையிலிருந்து பின்கழுத்தில் வழிந்ததைத் துடைத்தபடி மனைவி குறுக்கிட்டாள்.

"நீ சும்மா இரு." பனிப்புலி மாணவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இவளுக்கு ஃப்ரிட்ஜைத் திறந்தாலே தும்மல் வரும். இருபத்தஞ்சு வருஷமா என்கூட இருக்கா, ஒரு துளி வைராக்கியம் ஒட்டல. சில ஜென்மங்களைத் தேத்தவே முடியாது."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மனைவி அவரைப் பார்த்தாள், செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பது போல.

அதற்குள் பராமரிப்புப் பெண் வடிகட்டியைத் திருகி வெளியே எடுத்திருந்தாள். விசிறி மடிப்பாக வெள்ளையாக இருக்க வேண்டிய அது, பழுப்பேறிப் பிசுபிசுத்தது. மடிப்புக்குள் இடுக்கியை விட்டு எதையோ பற்றி இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

ஒரு கொத்து முடி. முழ நீளம் இருக்கும். கறுப்பும் நரையும் கலந்திருந்தது.

"தலை எண்ணெயும் முடியும்தான் சார் அடைச்சிருக்கு. ரெண்டு நிமிஷத்துல இவ்வளவு வராது. யாரோ தினமும் ரொம்ப நேரம் உட்கார்றாங்க."

மாணவர்களின் பார்வை மாஸ்டரின் மொட்டைத் தலைக்குப் போனது.

பனிப்புலி மெல்ல மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏய்! என் தொட்டியில என்னத்தை அலசின? தரை துடைக்கிற துணியையா?"

இரண்டு வாரமாகச் சொல்லாததை மனைவி இன்றும் சொல்லாமலே விட்டிருப்பாள். ஆனால் பராமரிப்புப் பெண் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், இப்போதே யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவது போல.

மனைவி கையிலிருந்த மேலங்கியை ஈரத் தரையில் போட்டாள்.

"உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. தைரியமா கம்பெனிக்கு எழுதிக் கொடு. அந்த முடி என்னுது. தினமும் காலையில கழுத்து வரைக்கும் உட்கார்ந்திருப்பேன், பத்து நிமிஷம்."

மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"பத்து நிமிஷமா? இந்தக் குளிர்லயா?" பராமரிப்புப் பெண்ணுக்கு நம்ப முடியவில்லை. "எதுக்குக்கா?"

மனைவி புருஷன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இந்த வீட்டுல அவர் வராத ஒரே இடம் இந்தத் தண்ணிதாம்மா."