ஏ.ஆர்.பி.க்கு எந்த மாடி?

இணையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கென்று ஏழு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. யாருக்கு எந்த மாடி என்பதை வாசலில் தொங்கிய வரைபடம்தான் சொல்லும். மூன்றாவதில், தகவல் பொட்டலங்களில் முகவரி எண் எழுதும் ஐ.பி. இரண்டாவதில், அவற்றைச் சுமந்துபோய் மெஷின்களிடம் சேர்க்கும் ஈதர்நெட்.

ஒருநாள் ஏ.ஆர்.பி. இடம் கேட்டு வந்தது. எண்ணைச் சொன்னால், அது எந்த மெஷினுடையது என்று கூவிக் கண்டுபிடிப்பது அதன் தொழில்.

"கூவுறவங்க எல்லாம் கீழ் மாடி" என்றது ஐ.பி.

"உங்க எண்ணை வச்சுத்தானே கூவுறார்? மேல் மாடி" என்றது ஈதர்நெட்.

"அஞ்சும் ஆறும் காலியாத்தானே கிடக்கு?" என்றது ஏ.ஆர்.பி.

"அது வேற ஆளுங்களுக்கு ஒதுக்கினது" என்றது வரைபடம். "அவங்க வந்ததே இல்லை. ஆனாலும் ஒதுக்கினது ஒதுக்கினதுதான்."

ஏ.ஆர்.பி. படிக்கட்டிலேயே பாயை விரித்தது.

மறுநாள் காலை முதல் பொட்டலம் இறங்கியது. ஈதர்நெட் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. "எண் இருக்கு. எந்த மெஷின்னு தெரியலையே!" பின்னால் நூறு பொட்டலங்கள் முட்டிக்கொண்டு நின்றன.

படிக்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "நூத்திப் பதினேழு யாருங்க?"

"நான்தாங்க!" என்றது மூலையிலிருந்த பிரிண்டர்.

பொட்டலங்கள் பறந்தன. சாயங்காலம் இரண்டு மாடியிலும் ஒரே சண்டை, "அவர் எங்க ஆளு" என்று.

"எந்த மாடின்னு எழுதட்டும்?" என்று கேட்டது வரைபடம்.

"படிக்கட்டுன்னு எழுதுங்க" என்றது ஏ.ஆர்.பி.

"படிக்கட்டா? அப்படி ஒண்ணை நான் வரையவே இல்லையே!"

ஏ.ஆர்.பி. பாயை உதறிப் போட்டது. "அப்ப இவங்கெல்லாம் எது வழியா ஏறி இறங்குறாங்க?"