சுவர் ஓரம்

“சுவர் ஓரம்” என்றாள் அவள்.

கீபோர்டு மேல் ஓடிக்கொண்டிருந்த விசா அதிகாரியின் விரல்கள் அப்படியே நின்றன. கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்பதுதான் கேள்வி. இதற்குப் போய் ஒரு மனுஷன் இப்படிப் பார்ப்பானா?

அதிகாரி பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்தார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. உங்க வீட்டுக்காரரும், தான் படுக்கறது சுவர் ஓரம்னுதான் சொல்லிட்டுப் போயிருக்காரு.”

அவளுக்குக் காது மடல் சுட்டது.

கட்டிலை ஒட்டி இருக்கும் சுவர் ஒன்று. அதற்கு ஓரமும் ஒன்றுதான். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கேட்பவனுக்கு, பொய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த ஜோடி வசமாக மாட்டிக்கொண்டது போலத்தானே இருக்கும்?

வெளியே உட்காரச் சொன்னார்கள். இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடுவார்களாம்.

வெளியே நீள பெஞ்சில், ஃபைலைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மிளகாய்ப்பழமாய்ச் சிவந்த கண்கள்.

“ஏங்க, உங்க வாயில வேற பக்கமே வராதா?” அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “ஒரு தடவை வெளி ஓரம்னு சொல்லியிருந்தா குறைஞ்சா போயிடுவீங்க?”

“கேட்டாரு, உள்ளதைச் சொன்னேன். நீ என்ன சொன்ன?”

“நானும் உள்ளதைத்தான் சொன்னேன்.”

“அப்ப ரெண்டு பேரும் சரியாத்தானே சொல்லியிருக்கோம்?”

இந்த ஆளை என்ன செய்வது! அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் பிறந்த நாட்டின் பாஸ்போர்ட் அவளிடம் இருக்கிறது. அவனிடம் அது இல்லை. கைக்குழந்தையாகக் கிளம்பி வந்ததோடு சரி, அந்த நாட்டை அவளுக்கும் தெரியாது. அங்கே இருக்கும் அவள் அண்ணன்தான், “கிளம்பி வாங்க, ரெண்டு பேருக்கும் என் பட்டறையிலேயே பகல் வேலை” என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை அலைச்சலும். இங்கே, இந்த வேற்றூரில் இருந்துகொண்டு, அந்த நாட்டுக்குப் புருஷனைக் கூட்டிப் போக விசா கேட்கிறாள்.

போலீஸ் சான்றிதழ் வந்தால் மெடிக்கல் காலாவதியாகிவிடும். மெடிக்கலைப் புதுப்பித்தால் போலீஸ் சான்றிதழ் பழசாகிவிடும். இரண்டும் கைகூடி வந்த நேரத்தில், சேர்ந்து வாழும் போட்டோ எங்கே என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அவர்கள் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபைல் மாமா, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த பூங்காவில் ஒரே காலையில் நாலு சட்டை மாற்றி எடுத்துக் கொடுத்தார். எல்லாப் படத்திலும் சட்டைகள் மாறின. பின்னால் நின்ற நாய் மட்டும் மாறவில்லை.

அந்த ஃபைல் மாமாதான் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். “ஷிப்ட் கதையை மட்டும் உள்ள போய் எடுக்காதீங்க. சேர்ந்தே வாழலைன்னு முத்திரை குத்திடுவான்.”

ஷிப்ட் கதை பெரிய கதையெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கூடத்தில் அவளுக்குப் பகல். குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு இரவு. வாடகை அறையில் இருப்பது ஒற்றை ஆள் படுக்கும் கட்டில். அவள் எழுந்து கிளம்பி, தெருமுனையில் அவனிடம் சாவியைக் கொடுப்பாள். அவன் வந்து, அவள் படுத்த சூடு ஆறாத அதே சுவர் ஓரத்தில் விழுவான். சாயங்காலம் சாவி கை மாறும். சேர்ந்தாற்போல் கிடைத்த ஒன்றிரண்டு விடுமுறைகளைத் தூங்கித் தீர்க்க இருவருக்குமே மனம் வந்ததில்லை.

“இப்ப உள்ள போய் என்ன சொல்றதுன்னாவது யோசிச்சீங்களா? நான் ஒருத்தியே மண்டையைப் போட்டு உடைச்சுக்கணுமா?”

அவள் கதவைப் பார்த்தபடியே மறுபடி சொன்னாள்.

“உங்களைத்தான் கேக்குறேன்.”

திரும்பிப் பார்த்தாள்.

இரவு வேலை முடிந்து, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு கிடங்கிலிருந்து நேராக வந்தவன். தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஃபைலைப் பிடித்த கை மட்டும் பிடியை விடவில்லை. இடது புருவம் எதற்கோ அடிக்கடி துடித்தது. யாரோ நல்ல சேதி சொன்ன மாதிரி உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து வந்து போனது.

திட்ட வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அவளுக்கு மறந்துபோயின.

கதவு திறந்தது. அதிகாரி எட்டிப் பார்த்தார். கூடவே அந்த அம்மாவும்.

“எழுப்பிக் கூட்டிட்டு வாம்மா. அடுத்து நிறையப் பேர் காத்திருக்காங்க.”

“ஏங்க” என்றாள். அவன் அசையவில்லை.

தோளைத் தொடுவதா, கன்னத்தில் தட்டுவதா என்று தெரியாமல் அவள் கை அந்தரத்தில் நின்றது. இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னம்மா இது, வீட்டுல எழுப்புற மாதிரி எழுப்பேன்!”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஃபைல் மாமா மேல், கட்டில் மேல், இந்தக் கேள்விகளை எல்லாம் உட்கார்ந்து யோசித்தவன் மேல்.

“எனக்கு இவரை எழுப்பத் தெரியாதும்மா. இவர் தூங்கி நான் பாக்குறதே இன்னிக்குத்தான்” என்றாள். “இதையும் அவரை எழுதிக்கச் சொல்லுங்க.”