கடைசி ஓலை

ஆலயத்தின் வாசற்படியில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. தோல் செருப்பு அண்ணன் ஞானசிகாமணியுடையது. ரப்பர் செருப்பு தம்பி எலியேசருடையது. பொதுச்சுவர்ச் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை.

"வியாழக்கிழமை எங்க வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம், தெரியுமா?" என்றது தோல் செருப்பு.

"எப்படித் தெரியும்? சித்தப்பா வீட்டுக்குத்தான் பத்திரிகையே வரலையே."

தோல் செருப்பு பேச்சை மாற்றியது. "உள்ளே மன்னிப்பைப் பத்திப் பிரசங்கம். ஆமென் சத்தம் கேக்குதா? எங்க ஆளுதான்."

"தெருவுக்கே கேக்குது." ரப்பர் செருப்பு குரலைத் தாழ்த்தியது. "இன்னைக்குக் கல்யாண அறிவிப்போட கடைசி ஓலை வாசிப்பாங்க. தடை உண்டான்னு கேட்டா எந்திரிச்சு நிப்பேன்னு எங்க ஆளு வழியெல்லாம் சொல்லிட்டே வந்தார்."

"என்ன தடையாம்?"

"ஒண்ணுமில்லை. கோபம்தான்."

உள்ளே போதகர் மணமக்களின் பெயர்களை வாசித்தார். "இந்தத் திருமணத்துக்கு யாராவது தடை சொல்வதுண்டா?" என்று கேட்டார். ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது.

"உண்டு ஐயா."

"இது எங்க ஆளு குரல் இல்லையே," என்றது ரப்பர் செருப்பு.



"பொண்ணோட அப்பா நான்தான் சொல்றேன். என் தம்பியை இன்னும் கூப்பிடலை. கூப்பிட்டுட்டு வந்து உட்கார்றேன்."

பெஞ்சுகளுக்கு நடுவே வெறுங்கால்கள் நடக்கும் சத்தம் கேட்டது.

ஆராதனை முடிந்து இருவரும் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். பேச்சு மும்முரத்தில் அண்ணன் ரப்பர் செருப்பில் காலை நுழைத்தார். தம்பி தோல் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"சொல்லிரலாமா?" என்றது ரப்பர் செருப்பு.

"வேண்டாம். மாத்திக்க மறுபடி வருவாங்கல்ல."