வரலாற்றின் ஏழாம் பக்கம்

“வேய் வாத்தியாரே, கூரையில இருந்து எறங்கும்! எங்க அப்பன் பேரை எழுதியாச்சா இல்லியா?”

பள்ளிக்கூடக் கூரையில் பழைய ஓலையைப் பிரித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் பெலவேந்திரன், ஏணிப்படியைக் காலால் தடவித் தடவி இறங்கினார். உயரம் என்றாலே அவருக்குத் தலை சுற்றும்.

கீழே ஊர்த் தலைவர் மரியநாயகம் நேரியலைத் தோள் மாற்றிப் போட்டபடி நின்றார். “தலைமையாசிரியர் வருஷா வருஷம் கொரங்கு மாதிரி கூரையேறுதது ஊருக்குக் கொறச்சல். ஒரு கூலிக்காரன் கெடைக்கலியா?”

“பழகிப்போச்சு மொதலாளி.”

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிவிழா. மறைமாவட்டத்து ஆயரான மேற்றிராணியார் வருகிறார். அவர் முன்னால் பங்கின் வரலாற்றை வாசிக்க வேண்டியவர் பெலவேந்திரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில் இந்தப் பள்ளிக்கூட நிலத்தை அந்தோணியார் கோயிலுக்குக் கொடுத்தவள், கருப்பட்டி விற்ற ஒரு விதவை. ஊருக்கெல்லாம் அது தெரியும். மேற்றிராணியாருக்குத் தெரியாது. மரியநாயகத்துக்கு அது போதும்.

“கருப்பட்டிக்காரி கொடுத்த நிலமுன்னு வாசிச்சா, மேற்றிராணியார் நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாரு? எங்க அப்பன் பேரு வரணும். இல்லேண்ணா வேற வாத்தியாரைப் பாக்க வேண்டியதுதான்.”

“எழுதிட்டேன் மொதலாளி.”

“வாசியும்.”

பெலவேந்திரன் மடியிலிருந்து தாள்களை எடுத்தார். “‘...தர்மசீலர் மரியநாயகத்தின் தந்தையார் இந்நிலத்தை மனமுவந்து அளித்தார்.’”

“மனமுவந்து! நல்லாருக்கு. தர்மசீலர் யாரு, நானா அப்பனா?”

“ரெண்டு பேரும்.”

“இருக்கட்டும். பெறகு?”

அது ஆறாம் பக்கத்தின் கடைசி வரி. ஏழாம் பக்கத்தை இந்த மனுஷன் இப்போதே பார்த்துவிட்டால் எல்லாம் கெட்டது.

“பெறகு... வழக்கமான செபம், நேர்ச்சை, அவ்வளவுதான்.”

“எங்கே, கொண்டாரும்.” கை நீண்டது.

“கண்ணாடி கொண்டாந்தீங்களா மொதலாளி?”

நீண்ட கை நேரியலைச் சரிசெய்யப் போய்விட்டது. மரியநாயகத்துக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும் என்பதும் ஊருக்கெல்லாம் தெரியும். “செபந்தானே, சரி. அப்பன் பேரை மட்டும் சத்தமா வாசியும்.”

மறுநாள் பந்தலில் பெலவேந்திரன் சத்தமாகவே வாசித்தார். கூட்டம் முணுமுணுத்தது. கருப்பட்டிக்காரியின் ஒரே மகள் நேசம்மாள் முக்காட்டுக்குள் குனிந்துகொண்டாள். மரியநாயகம் எழுந்து நான்கு பக்கமும் கும்பிட்டார்.

“உண்மைதானா?” என்றார் மேற்றிராணியார், முணுமுணுப்பைக் கேட்டு.

பெலவேந்திரன் மரியநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தோணியார்மேல சத்தியம் ஆண்டவரே! எங்க அப்பன் கொடுத்த நெலம்!” மரியநாயகம் பந்தலில் வைத்திருந்த அந்தோணியார் சுரூபத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

பெலவேந்திரன் ஏழாம் பக்கத்தைத் திருப்பினார்.

“‘நிலம் அளித்தவர் அந்தோணியாருக்கு ஒரு நேர்ச்சையும் செய்தார். ஆண்டுதோறும் மழைக்கு முன் இப்பள்ளியின் கூரையை அவர் குடும்பத்து ஆண்மகனே ஏறி, தன் கையால் வேய வேண்டும். கூலியாள் ஆகாது.’”

மரியநாயகத்தின் கை உயர்ந்தபடியே நின்றது. மேற்றிராணியார் மகிழ்ந்துபோய் அந்தக் கைக்குச் சிலுவை வரைந்து ஆசீர் கொடுத்தார்.

நேசம்மாளைக் கட்டிக்கொண்ட நாள்முதல் மாமியாரின் நேர்ச்சைக்காக இருபத்துநாலு வருஷம் கூரையேறிய பெலவேந்திரன், மரியநாயகத்தின் காதருகே குனிந்தார்: “ஏணி கெழக்குச் செவருலதான் சாத்தியிருக்கு மொதலாளி. பழைய ஓலை பாதிதான் பிரிச்சிருக்கேன்.”